மலையேறும் முன் காரின் ஒலிகளைப் பகுத்தறிதல்

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூருக்குச் செல்லும் சமதளச் சாலையில் கார் எழுப்பும் சிறு கீச்சொலியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட இயலும். ஆனால் அதே கார் 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மேகமலைப் பாதையிலோ, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையிலோ, போடிமெட்டிலோ ஆள்பாரத்துடன் ஏறி இறங்கும்போது, அவ்வொலி முன்னரே சுட்டிய கோளாறு முற்றிவிடக்கூடும். ஓட்டுநர்கள் பெரும்பாலும் 'கிரீச்' என்றும் 'கடகட' என்றும் ஒலியை நடித்துக் காட்டவே முற்படுகின்றனர்; மெக்கானிக்கிற்கு அதைவிடப் பயன்படுவது, எதைச் செய்தால் ஒலி எழுகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்னும் விவரமாகும்.

முதற்படியாக, காரை நிறுத்தி, கைபிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்துப் பார்க்க வேண்டும். நின்ற நிலையிலேயே ஒலி எழுந்து இன்ஜின் வேகத்தோடு கூடினால், கோளாறு இன்ஜினிலோ அதைச் சார்ந்த பெல்ட், சைலன்சர் போன்றவற்றிலோ இருக்கிறது. நிற்கும்போது ஒலியின்றி, ஓடும்போது மட்டும் எழுந்தால் சக்கரம், பிரேக், ஆக்சில் ஆகியவற்றை ஐயுற வேண்டும். இப்பிரிவினை ஒன்றே தேடலில் பாதியைக் குறைத்துவிடும். சாரல் காலத்துக் காலையில் வண்டியைக் கிளப்பியதும் எழுந்து, சில நொடிகளில் அடங்கும் கீச்சொலி பெரும்பாலும் ஈரம்பட்ட அல்லது தளர்ந்த பெல்ட்டினுடையது. கிளட்ச்சை மிதித்தால் மட்டும் எழும் இரைச்சல் கிளட்ச் பேரிங்கையும், மிதித்ததும் நின்றுவிடும் இரைச்சல் கியர்பாக்ஸின் உள்பேரிங்கையும் சுட்டும்.

அடுத்து, ஆளரவமற்ற நேர்ச்சாலையில் கவனிக்க வேண்டியது சக்கரத்தின் ஒலி. வேகம் கூடக் கூட வளரும் 'ஊம்' என்ற முழக்கம் வீல் பேரிங் தேய்வதாலும் எழலாம், டயர் ஒரே சீராகத் தேயாததாலும் எழலாம். ஸ்டீயரிங்கை வலப்புறம் லேசாகத் திருப்பும்போது எடை இடப்பக்கச் சக்கரத்தின்மீது சாய்வதால், அப்போது முழக்கம் மிகுந்தால் இடப்பக்க பேரிங்கையும், மறுபுறம் திருப்பும்போது மிகுந்தால் வலப்பக்க பேரிங்கையும் ஐயுறலாம். எப்பக்கம் திருப்பினும் மாறாமல், தார்ச்சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு மாறும்போது மட்டும் ஒலி மாறினால் டயரையே முதலில் பார்க்க வேண்டும். பின்னர் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, திடலில் மெல்ல ஒரு வட்டம் வர வேண்டும். அப்போது 'டக் டக்' என்று கேட்டால், முன்சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைக் கடத்தும் ஆக்சிலின் மூட்டான சி.வி. ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். அம்மூட்டைப் போர்த்தியுள்ள ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருப்பதைக் குனிந்து பார்த்தே உறுதிசெய்துகொள்ளலாம்.

ஊர்ப்புறத்துக்கே உரிய ஒரு காரணத்தையும் இங்குச் சேர்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் கொள்ளுச்செடி, கதிர்த்தட்டை முதலியவற்றைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளையே தாம்பாட்டும் மாடுகளாக்கும் வழக்கம் உண்டு. அதன்மீது ஏறிச்சென்ற பின் அடியிலிருந்து உரசும் ஒலி கேட்டால், கொடிகள் ஆக்சிலில் சுற்றியிருக்கக்கூடும்; காய்ந்த தட்டை கொதிக்கும் சைலன்சரைத் தொட்டுத் தீப்பற்ற வாய்ப்பிருப்பதால், பரப்பைக் கடந்து வந்து, வெறுந்தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்த பின்னரே அதை அகற்ற வேண்டும்.

பிரேக்கின் ஒலியே மலைச்சாலைக்கு முதன்மையானது. இரவு மழையில் நின்ற காரின் பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு படிவதால், முதல் சில மிதிகளில் உரசல் கேட்டு மறைவது இயல்பே. நாள் முழுதும் நீடிக்கும் கூரிய கீச்சொலியோ வேறு: பல கார்களின் பிரேக் பேட்டில், தேய்மானம் எல்லையை எட்டியதும் டிஸ்க்கில் பட்டு ஒலிக்குமாறு சிறு உலோகத் தகடு ஒன்று வேண்டுமென்றே பொருத்தப்பட்டிருக்கும். அதையும் புறக்கணித்தால் உராய்வுப்பொருள் தீர்ந்து, இரும்பும் இரும்பும் அரைபடும் 'கரகர' ஒலி எழும். அந்நிலையில் மலையிறங்குவது கூடவே கூடாது. பேட்டின் கனம் 3 மில்லிமீட்டருக்கு அருகில் வந்ததுமே மாற்றிவிடுவது நலம்.

ஏற்றத்தில் பெட்ரோல் கார் உயர்ந்த கியரில் திணறும்போது எழும் 'கிணுகிணு' ஒலி, எரிபொருள் முறைதவறி வெடிப்பதால் வருவது. கியரைக் குறைத்ததும் அது அடங்கிவிட்டால் பயணத்தைத் தொடரலாம். அடங்காமல் ஆழ்ந்த தட்டொலியாகி, ஆயில் விளக்கும் எரிந்தால், இன்ஜினை அக்கணமே அணைத்துவிட்டு, கீழிருந்து மீட்பு வண்டியை வரவழைக்க வேண்டும். அடுத்த வளைவு வரை ஓட்டிப் பார்ப்போம் என்ற நப்பாசை, ஆயில் ஊற்றுவதோடு முடியக்கூடிய வேலையை இன்ஜினையே பிரிக்கும் செலவில் கொண்டுபோய் நிறுத்தும்.