அமிர்தியில் நள்ளிரவு வயிற்றுவலி: எதற்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது?

ஜவ்வாது மலையடியில் உள்ள அமிர்தியிலிருந்து வேலூருக்குச் சுமார் 25 கி.மீ. அதனால் ராத்திரியில் வயிறு வலித்தால் ‘விடியட்டும்’ என்று இருந்துவிடுகிறோம்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். குமட்டலும் காய்ச்சலும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். தயவுசெய்து விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், வயிற்றை உருவிவிடாதீர்கள். குடல்வால் வெடித்துவிடக்கூடும்.

திடீரென வலித்து வயிறு பலகையாக இறுகினால் குடற்புண் ஓட்டையாகியிருக்கலாம். மூட்டுவலிக்குக் கடையில் தாங்களே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தால் கணைய அழற்சியோ என்று பார்க்க வேண்டும், வியர்த்துக்கொட்டினால் மாரடைப்பையும். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாவிட்டால் குடல் அடைப்பாக இருக்கலாம்.

காட்டோர ஊர்களுக்கு இன்னொன்று மிக முக்கியம். தரையில் படுத்தவர் வயிற்றுவலி, வாந்தியோடு எழுந்து, கண் இமை தொங்கினால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். கடித்த இடம் வலிக்காது, தடமும் பெரும்பாலும் தெரியாது. ‘பாம்பைப் பார்க்கவில்லையே’ என்று தாமதிக்காதீர்கள்.

இவற்றுக்கும், ரத்தவாந்தி, தார்போன்ற கறுப்பு மலம், நாள் தள்ளிப்போன பெண்ணின் அடிவயிற்று வலி ஆகியவற்றுக்கும் உடனே 108. அடுக்கம்பாறை அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனை, வேலூர் நகருக்கு முன்பே இருக்கிறது. வழியில் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். வலி தொடங்கிய நேரத்தைச் சொல்லுங்கள், விழுங்கிய மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.