அதிர்வு யார் கைக்கு? மல்டி டூல் வாங்குமுன் சில வார்த்தைகள்

மல்டி டூல் வாங்கலாமா, வாங்கினால் எந்த விலையில் வாங்குவது என்று கேட்காத ஆள் இப்போது எங்கள் பக்கம் குறைவு. திருவொற்றியூரில் வீட்டு மரவேலை, காசிமேட்டில் படகுப் பழுது, எண்ணூரில் குவார்ட்டர்ஸ் பராமரிப்பு என்று இந்த வட்டாரத்துக்குள்ளேயே என் பிழைப்பு ஓடுகிறது. கடையில் மூவாயிரம் சொச்சத்துக்கும் ஒரு மிஷின் தொங்குகிறது. இருபதாயிரத்தைத் தாண்டியும் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு அட்டைப்பெட்டியிலும் நிமிடத்துக்கு 20,000 அசைவு என்றே போட்டிருக்கும். அப்புறம் எதற்கு இத்தனை மடங்கு விலை என்ற கேள்வி நியாயமானதுதான். இரண்டு ரகத்தையும் வைத்து வேலை செய்தவன் என்ற முறையில் என் பதில் இது: மிஷின் உண்டாக்கும் அதிர்வு பிளேடுக்குப் போகிறதா, உங்கள் கைக்குப் போகிறதா என்பதில்தான் அந்த விலையின் பெரும்பகுதி இருக்கிறது. ஒரு நாளில் எவ்வளவு நேரம் அதைப் பிடித்திருக்கப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். எதை வாங்குவது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இந்த மிஷினில் பிளேடு சுற்றாது. சுமார் ஒன்றரை டிகிரி இந்தப் பக்கம், ஒன்றரை டிகிரி அந்தப் பக்கம் என்று அதிவேகமாக ஆடும், அவ்வளவுதான். இதன் பூர்வீகம் மருத்துவமனை. எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டை வெட்டி எடுக்க 1940களில் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் இப்படி ஆடும் ரம்பம் ஒன்றைச் செய்தார். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967-இல் தன் மாவுக்கட்டு ரம்பத்தைக் கொண்டுவந்து, பிறகு அதே உத்தியைக் கார் பட்டறைக்கும் தச்சுப் பட்டறைக்கும் இழுத்து வந்தது. கட்டு விறைப்பாக இருப்பதால் வெட்டுப்படும். தோல் பிளேடோடு சேர்ந்து ஆடுவதால் தப்பிக்கும். இதைக் கேள்விப்பட்டு, "மல்டி டூல் கையை வெட்டாதுண்ணே" என்று சொல்லிக்கொண்டு திரியும் பையன்கள் இருக்கிறார்கள். மரம் வெட்டும் பல் வைத்த பிளேடு நன்றாகவே வெட்டும். விறைத்துப் பிடித்திருக்கும் விரல் என்றால் எலும்பு வரை போகும். ஏஜி ஃபோர் கிரைண்டர் போல எகிறி அடிக்காது என்பது மட்டும்தான் உண்மை.

சரி, எங்கே இது தேவைப்படுகிறது? எங்கள் ஊரில் முதல் இடம் வாசக்கால்தான். கடல் காற்றும், மழைக்காலத்தில் தெருவிலிருந்து உள்ளே வரும் தண்ணீரும் சேர்ந்து வாசக்காலின் அடி ஒரு சாண் உயரத்துக்கு உளுத்துப்போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்த பிறகு இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே வேலை. முன்பெல்லாம் முழு நிலையையும் பெயர்த்து எடுக்க வேண்டும், சுவர் உடையும், பூச்சு போகும். இப்போது அழுகிய காலை மட்டும் அறுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்துவிடலாம். கை ரம்பத்துக்கு அங்கே இடமே கிடையாது. ஜிக்சாவும் தரை வரை போகாது.

செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ டிரைவர் முனையால் கீழிருந்து மேலாகக் குத்திக்கொண்டே போங்கள். முனை மெத்தென்று இறங்குவது எங்கே நிற்கிறதோ அதற்கு மேல் இரண்டு அங்குலம் நல்ல மரத்தை விட்டுக் கோடு போடுங்கள். கோடு வெளிப்பக்கம் சரிந்து இறங்கட்டும். தண்ணீர் இணைப்பில் தங்காமல் வழிந்துவிடும். கோட்டை ஒட்டி ஒரு ரீப்பர் துண்டை இரண்டு ஆணியில் நிறுத்தி, பிளேடை அதன்மேல் படுக்கவைத்து ஓட்டினால் வெட்டு கோணாது. அழுத்தவே கூடாது. பிளேடை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருந்தால் தூள் வெளியே வந்துவிடும், சூடு ஏறாது. புகை தெரிந்தால் நிறுத்துங்கள். பல்லின் நுனி நீலம் பாரித்துவிட்டால் அந்த உருக்கின் பதம் போய்விட்டது. எவ்வளவு அழுத்தினாலும் இனி அது மரத்தைக் கரிக்கும், அறுக்காது. அடிப்பக்கத்தில் நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்பு ஹோல்டு ஃபாஸ்ட் புதைந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அந்த இடம் வரும்போது மர பிளேடைக் கழற்றி பைமெட்டல் மாட்டுங்கள்.

இந்த வேலைக்கு மூவாயிரம் ரூபாய் மிஷின் போதும். ஒரு காலுக்குப் பத்து நிமிடம், நடுநடுவே அளவு பார்ப்பது, துண்டு பொருத்துவது என்று மிஷினுக்கும் கைக்கும் ஓய்வு கிடைத்துக்கொண்டே இருக்கும். பிளைவுட் அலமாரியில் பிளக் பாயிண்டுக்கு ஓட்டை போடுவது, டைல் இடுக்கில் பழைய ஜாயிண்டைக் கிளறி எடுப்பது, கதவு மூலையைத் தேய்ப்பது எல்லாம் இதே கணக்கில் சேரும். வீட்டுக்காரர் தன் வீட்டுக்கென்று வாங்கினாலும், மாதத்தில் சில நாள் மட்டும் இதை எடுக்கும் ஆச்சாரி வாங்கினாலும், விலை உயர்ந்த மிஷினுக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மிச்சப் பணத்தை பிளேடில் போடுங்கள்.

படகு வேலை வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு வருஷத்துப் பழுதெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். தளத்தில் ஃபைபருக்குக் கீழே பிளைவுட் ஊறிப்போன இடத்தைச் சதுரமாக வெட்டி எடுப்பது, கேபினைச் சுற்றிப் பழைய ரெசினைச் சுரண்டுவது என்று காலையில் எடுத்த மிஷினைச் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைப்போம். குறைந்த விலை மிஷின் இங்கேதான் தன் சுயரூபத்தைக் காட்டும். மோட்டார் அச்சின் முனையில் மையம் தள்ளி ஒரு பேரிங் இருக்கிறது; அதைக் கவ்விப் பிடிக்கும் கவை ஒன்று சுழற்சியை ஆட்டமாக மாற்றுகிறது. அந்த இரண்டுக்கும் இடையே மயிரிழை ஆட்டம் விழுந்தாலும் போதும், பிளேடுக்குப் போக வேண்டிய அசைவில் ஒரு பங்கு மிஷினின் உடம்புக்குத் திரும்பிவிடும். சத்தம் மாறுவதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். சீரான ரீங்காரம் போய் ஒரு கடகடப்பு சேரும். மாலையில் கூட வேலை செய்யும் தம்பி, "அண்ணே, கை மதமதன்னு இருக்கு, டீ கிளாசைப் பிடிக்க முடியல" என்பான்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைக்கும் விஷயம். ஐரோப்பாவில் 2002-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். கைக்கு ஏறும் அதிர்வை மீட்டர்/விநாடி² என்ற அளவில் அளக்கிறார்கள். எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 2.5-ஐத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும்; 5-ஐத் தாண்டவே கூடாது. இதில் கவனிக்க வேண்டியது, அதிர்வு இரண்டு மடங்கானால் பிடிக்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைவதில்லை, கால்வாசியாகிவிடும். 5 அளவு அதிரும் மிஷினைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் முதல் எல்லை வந்துவிடும். 10 அளவு அதிர்ந்தால் அரை மணி நேரத்திலேயே வந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் கடைசி எல்லையும் முடிந்துவிடும். நாள் முழுக்க வேலை செய்பவருக்கு இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே பாருங்கள்.

நல்ல மிஷினின் விலைக்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. அதில் மோட்டாரை வெளிக்கூட்டோடு நேராக முறுக்காமல் ரப்பரில் தொங்கவிட்டிருப்பார்கள். அழுத்தும்போது வேகம் இறங்காமல் பிடித்துக்கொள்ளும் மின்னணுப் பகுதியும் இருக்கும். அதனால் அழுத்தத் தோன்றாது. அழுத்தாததால் பிளேடும் நீடிக்கும். மிஷினோடு வரும் சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அதிர்வு எண்ணைப் போட்டிருப்பார்கள். தேய்ப்பதற்கு ஒன்று, அறுப்பதற்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் அறுக்கும் எண்ணைப் பாருங்கள், அதுதான் பெரிதாக இருக்கும். அந்த எண்ணையே போடாத மிஷினைத் தினமும் பிடிக்கும் ஆளுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. ராயபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனி சிகிச்சை நிறுவனம் இருக்கிறது, பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தது. இத்தனை தொழிற்சாலையும் பட்டறையும் துறைமுகமும் உள்ள பகுதியில் அது எத்தனை கைகளை மீட்டுக் கொடுத்திருக்கிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அறுபட்ட கையைத் தைக்க அங்கே வல்லவர்கள் இருக்கிறார்கள். வருஷக்கணக்கில் அதிர்ந்து மரத்துப்போன விரலுக்குத் தையல் கிடையாது.

இப்போது பிளேடு. ஃபைபரில் இருப்பது கண்ணாடி இழை. சாதாரண மர பிளேடின் பல்லை அது ஒரு முழம் வெட்டுவதற்குள் மழுக்கிவிடும். பல்லே இல்லாமல் கார்பைடு துகள் ஒட்டிய பிளேடோ வைரத்தூள் பிளேடோதான் அதற்குச் சரி. ஒரு நல்ல கார்பைடு பிளேடு ஆயிரம் ரூபாயைத் தாண்டும், தயங்காதீர்கள். சாதாரண மிஷினில் நல்ல பிளேடு மாட்டினால் வேலை நடக்கும். நல்ல மிஷினில் மட்டமான பிளேடு மாட்டினால் நடக்காது.

பிளேடு மாட்டும் தலையையும் பார்த்து வாங்குங்கள். ஃபைனின் காப்புரிமைகள் 2008-ஐ ஒட்டி முடிந்த பிறகு எல்லா கம்பெனியும் இந்த மிஷினைச் செய்ய ஆரம்பித்தன, ஆளுக்கொரு மாட்டும் முறை. 2016-இல் பாஷும் ஃபைனும் சேர்ந்து ஸ்டார்லாக் என்ற முறையைக் கொண்டுவந்தன. குழிந்த நட்சத்திர வடிவம், ஆட்டமில்லாமல் கவ்விக்கொள்ளும். அதிலும் ஸ்டார்லாக், பிளஸ், மேக்ஸ் என்று மூன்று படி. மேக்ஸ் மிஷினில் மூன்று பிளேடும் ஏறும். சாதாரண ஸ்டார்லாக் மிஷினில் மேக்ஸ் பிளேடு ஏறாது. விலை குறைந்த மிஷின்களில் ஆலன் போல்ட் போட்டு முறுக்குவதுதான் பெரும்பாலும் வழி. அதில் தப்பில்லை, அதற்கான திறந்த வாய் பிளேடு மண்ணடி முழுக்கக் கிடைக்கும். ஆனால் பக்கவாட்டில் வெட்டும்போது பிளேடு மெல்ல நழுவித் திரும்பும். சில நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி முறுக்கிக்கொள்ள வேண்டும்.

மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். உதாரணமாக பாஷ் ஜிஓபி 30-28 என்றால் 300 வாட், மொத்தம் 2.8 டிகிரி ஆட்டம். ஜிஓபி 55-36 என்றால் 550 வாட், 3.6 டிகிரி. டிகிரி கூடினால் வெட்டு வேகமாக நடக்கும். மெல்லிய தேய்ப்பு வேலைக்குக் குறைவான டிகிரியே சுகம்.

காசிமேட்டில் படகுகள் ஒன்றை ஒட்டி ஒன்றாக வரிசையில் நிற்கும். கரையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் நாலு படகைத் தாண்டி வரும், ஈரத் தளத்தின் மேலேயே கிடக்கும். எனக்கு அந்த வயரைப் பார்த்தாலே மனது பதறும். மிதக்கும் படகில் வேலை என்றால் பேட்டரி மிஷின்தான், விலையைப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் 18 வோல்ட் டிரில் இருந்தால் அதே கம்பெனியில் பேட்டரி இல்லாத வெறும் மிஷின் கிடைக்கும். செலவு வெகுவாகக் குறையும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். உப்புக் காற்றில் பித்தளை சீக்கிரம் பச்சை பூத்துவிடும்.

ஃபைபர் தூளுக்கு முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது போதாது, என்95 மாஸ்க் வேண்டும். 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவில் எண்ணூர் முகத்துவாரத்துப் படகுகளில் கரி எண்ணெய் படிந்ததே, அதுபோன்ற படகானால் முதலில் கழுவித் துடைத்து எண்ணெயை முழுக்க எடுத்த பிறகே தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் தேய்ப்புத் தாள் அடைபடுவதோடு, எண்ணெய் உள்ளே ஏறிப் புது ரெசின் பிடிக்காது.

வாங்கும் இடம் செம்புதாஸ் தெருவோ மண்ணடியோ, கடையில் மிஷினை ஓடவிட்டுப் பாருங்கள். முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடட்டும். தலைப்பக்கம் கை வைக்க முடியாத சூடு வந்தால் வேண்டாம். பிளேடை விரல் படாமல் ஒரு மரத்துண்டில் மெல்ல வைத்து, சத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று கேளுங்கள். பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா பாருங்கள், அது இரட்டைக் காப்புக்கான அடையாளம். கார்பன் வெளியிலிருந்தே மாற்றும்படி மூடி இருந்தால் நல்லது. ஆர்மேச்சர் போனால் உதிரி கிடைக்குமா, சர்வீஸ் எங்கே என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாரண்டி பேச முடியாது. வாரண்டி அட்டையில் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்ற வரி இருந்தால், படகுக்கும் கான்ட்ராக்ட் வேலைக்கும் அந்த வாரண்டி செல்லாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தடைக்கால வேலைக்கு வாங்குபவர்கள் மார்ச்சிலேயே வாங்கிச் சின்ன வேலைகளில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கோளாறு இருந்தால் மாற்ற அவகாசம் இருக்கும். ஏப்ரல் பதினைந்துக்குப் பிறகு சர்வீஸ் கடையில் மிஷினைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை.