பிஎச்.டி.க்குப் பிறகு: முதலில் உஸ்தாத், பிறகு விண்ணப்பம்



பிள்ளை அறிவியலிலோ பொறியியலிலோ பிஎச்.டி. முடித்ததும் வீட்டில் எழும் கேள்வி, “இன்னும் என்ன படிப்பு?” என்பதுதான். ‘போஸ்ட் டாக்’ என்பது படிப்பு அல்ல. ஓர் ஆய்வுக்கூடத்தில் மாத உதவித்தொகையோ சம்பளமோ பெற்றுக்கொண்டு சில ஆண்டுகள் செய்யும் ஆய்வுப் பணி. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் பேராசிரியர் பணிக்கு இந்த அனுபவத்தைப் பெரும்பாலும் எதிர்பார்க்கிறார்கள்.

இந்த வாய்ப்பை எப்படித் தேடுவது? சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் அமெரிக்காவில் இயற்பியலில் பிஎச்.டி. முடித்தார். பிறகு உயிரியல் பக்கம் திரும்பினார். ரைபோசோம் பற்றி யேல் பல்கலைக்கழக அறிஞர்கள் எழுதிய கட்டுரையைப் படித்து, கடிதம் எழுதினார். அதன் வழியாக 1978-இல் பீட்டர் மூரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அது முடிந்தபின் ஆசிரியர் பணிக்குச் சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஆய்வை அவர் விடவில்லை. ரைபோசோம் ஆய்வுக்காகவே 2009-இல் நோபல் பரிசு வந்தது.

மார்க்கக் கல்வி தேடியவர்கள் அக்காலத்தில் ஊரைப் பார்த்துப் போகவில்லை, உஸ்தாதைத் தேடிப் போனார்கள். இங்கும் அதே முறைதான். இந்திய அரசின் தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகை, ஜெர்மனியின் ஹம்போல்ட், ஐரோப்பாவின் மேரி கியூரி ஆகிய மூன்றுக்கும், நம்மை ஏற்றுக்கொள்ளும் வழிகாட்டியோ நிறுவனமோ முதலில் சம்மதிக்க வேண்டும்.

எனவே பிள்ளைகள் செய்ய வேண்டியவை:

1. பிஎச்.டி. முடிவதற்கு ஓராண்டு முன்பே தேடத் தொடங்குங்கள்.

2. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். பேராசிரியரின் அண்மைக் கட்டுரையைப் படித்து, அதில் உங்களால் எதைச் செய்ய முடியும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். சுயவிவரத்தையும் உங்கள் சிறந்த கட்டுரையையும் இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்துப் பணிவாக நினைவூட்டுங்கள்.

3. பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. பணம் கட்டினால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். இந்த வேலையில் அவர்கள்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது காலக்கெடு. ஹம்போல்ட் போஸ்ட் டாக் உதவித்தொகைக்கு, பிஎச்.டி. முடித்து 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் நாட்டுத் தேசிய உதவித்தொகைக்கு வயது வரம்பு 35. பெண்களுக்கும் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. ‘இப்போது கல்யாணம், பிறகு பார்க்கலாம்’ என்று மகளின் ஆய்வைத் தள்ளிப் போட்டால், அந்த ஆண்டுகள் திரும்ப வராது. வரன் பேசும்போதே அவளுடைய ஆய்வைப் பற்றியும் பேசிவிடுங்கள்.

வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். நாகலூரில் நெட் விட்டு விட்டுத்தான் வருகிறது. கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். கடிதத்தை எழுதிக் கொண்டுவாருங்கள். டிரஸ்ட் அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்ந்து திருத்துவோம், இன்ஷா அல்லாஹ்.