சைக்கிள் தள்ளியவர்களை விட்டுவிடாதே

அன்புள்ள தம்பி,

உன் கட்டுரை கிடைத்தது. நடை நன்றாக இருக்கிறது. ஆனால் புதரில் ஒளிந்து தாக்கியே வியட்நாம் பிரான்சை வென்றது என்று முடித்திருக்கிறாயே, அதுதான் பொறுக்கவில்லை. சினிமா பார்த்து வரும் நினைப்பு அது. 1954-ல் தியன் பியன் பூவில் நடந்தது பிரெஞ்சு முகாமின் மீதான முற்றுகை. பீரங்கியும் பதுங்குகுழியுமாக 56 நாள் நீண்டது.

மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்குக்குப் பெரிய பீரங்கிகள் வராது, வந்தாலும் குண்டும் அரிசியும் போதிய அளவு வராது என்று பிரெஞ்சுத் தளபதி நவார் கணக்குப் போட்டார். அவர் முட்டாள் அல்ல. தோளில் அரிசி சுமப்பவர் வழியில் தானும் சாப்பிட வேண்டுமே! நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தால் சுமையில் பெரும்பகுதி அவர் வயிற்றுக்கே போய்விடும்.

இங்கேதான் சைக்கிள் வருகிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. யாரும் ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார்கள். ஹேண்டில்பாரில் மூங்கில் கழியை நீட்டிக் கட்டினால் பக்கத்தில் நடந்தபடியே திருப்பலாம். சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கழி நட்டால் ஏற்றத்தில் தள்ளலாம், இறக்கத்தில் இழுத்துப் பிடிக்கலாம். டியூபைக் காக்கக் கிழிந்த துணி சுற்றினார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோ போயிற்று. ஏறத்தாழ 20,000 சைக்கிள்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சுமைகாரர்கள், அவர்களில் ஏராளமான பெண்கள். லாரிகளும் ஓடின, சீன உதவியும் இருந்தது. அதை மறைத்து எழுதாதே.

ஏன் தள்ளினார்கள்? தேசபக்தி என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டாய். 1945 பஞ்சத்தில் வட வியட்நாமில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். 1953 டிசம்பரில் ஹோ சி மின் அரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. உழுகிற நிலம் தனக்காகும் என்ற நம்பிக்கை அந்தக் கழியைப் பிடித்த கையில் இருந்தது என்பேன். பிறகு அந்தச் சீர்திருத்தம் கொடுமைகளில் போய் முடிந்தது. அதையும் நீ படிக்க வேண்டும்.

வியட்நாம் படையை நடத்திய ஜெனரல் ஜியாப் முன்பு வரலாற்று ஆசிரியர். ஜனவரியில் தொடங்கவிருந்த தாக்குதலை நிறுத்தி, ஆட்கள் கயிறு கட்டி மலையேற்றிய பீரங்கிகளைத் திரும்ப இழுக்கச் சொன்னார். காத்திருந்து மார்ச் 13-ல் தொடங்கினார். அந்த மாதம் முடிவதற்குள் பிரெஞ்சு விமான ஓடுதளம் பயனற்றுப் போனது. மே 7-ல் முகாம் விழுந்தது. மறுநாளே ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது.

கட்டுரையைத் திருத்தி எழுது. ஜியாப்புக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறாய், இருக்கட்டும். சுமைகாரர்களுக்கு இரண்டு பக்கமாவது கொடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்