பாட்டியின் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் மகளுக்கு

திரிங்காப், கேமரன் மலை, மலேசியா

அன்புள்ள மகளே,

நினைவு ஆராதனையில் வாசிக்க நீ எழுதி அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பைப் படித்தேன். ஜெப வீராங்கனை, அன்பின் சிகரம், சபையின் தூண் என்று வரிசையாகப் போட்டிருக்கிறாய். ஒன்றும் பொய்யில்லை. பாட்டியின் பெயரை எடுத்துவிட்டு இந்த மலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த எந்த மூதாட்டியின் பெயரைப் போட்டாலும் எழுத்து மாறாமல் பொருந்திவிடும், அதுதான் குறை.

பாட்டியின் பக்தியை எழுத வேண்டுமானால் முதலில் அவருடைய ஒரு நாளை எழுது. தனக்கென்று நேரமே இல்லாத ஒரு பெண், இருந்த கொஞ்ச நேரத்தை யாருக்குக் கொடுத்தார் என்று பார். காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் சோறாக்க வேண்டும், பிள்ளைகளைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட வேண்டும், கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மேடு ஏற வேண்டும். கேமரன் மலையில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும், அதனால் கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கும் ஓய்வுப் பருவம் கிடையாது. பாட்டி ஜெபிக்க எழுந்தது இந்த வேலைகளுக்கெல்லாம் முன்னால், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில். தொழிலாளர் லயத்தில் வீட்டுக்கு வீடு தடுத்த சுவர் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் முணுமுணுத்தால் அந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாட்டி மன்றாடியதை அந்தப் பிள்ளையின் தாய் படுத்தபடியே கேட்டிருக்கிறார். அவர் மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர். இருவருக்கும் அது ஒரு சங்கடமாகவே தோன்றியதில்லை.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டின்னில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாகப் போகும். இது பாட்டி கண்டுபிடித்த வழக்கம் இல்லை. பிடியரிசிக் காணிக்கை தமிழ்நாட்டுச் சபைகளில் உண்டு. மிசோரமில் சபை ஊழியத்துக்கே பெண்கள் இப்படிச் சேர்த்த அரிசி பெரிய ஆதாரம். பணம் கையில் தங்காத பெண்களால் கொடுக்க முடிந்த ஒரே காணிக்கை என்பதால்தான் இதை எழுதச் சொல்கிறேன். சம்பள நாளில் தாத்தா கள்ளுக்கடை வழியாக வீடு வருவார் என்பதையும் சேர்த்தால்தான் அந்த ஒரு பிடியின் கனம் கேட்பவர்களுக்குப் புரியும். சேர்க்கலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டுக்கொள்; எனக்கு ஆட்சேபமில்லை.

குறைகளை எழுதுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. தாயைப் பற்றி ஒரு மகன் எழுதியவற்றில் கிறிஸ்தவ உலகம் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக வாசித்துவருவது அகுஸ்தீனின் 'பாவ அறிக்கை'. அவருடைய தாய் மோனிக்கா 387இல் ரோமுக்கு அருகே ஓஸ்தியாவில் இறந்தார். மகன் அவரைப் புனிதை என்று தூக்கி நிறுத்தவில்லை. சிறுமியாக இருந்தபோது பீப்பாயிலிருந்து திருட்டுத்தனமாகத் திராட்சரசம் குடித்துப் பழகியதையும், வேலைக்காரப் பெண் அதைச் சொல்லிக் குத்திக்காட்டியபோது வெட்கி விட்டுவிட்டதையும் எழுதுகிறார். மகன் வேறொரு சமயத்தைப் பின்பற்றியபோது தன் மேசையில் அவனோடு சாப்பிட மறுத்த தாய் என்பதையும் மறைக்கவில்லை. உன் பாட்டியும் அப்படித்தான். உன் சித்தி வேறு மதத்தில் கல்யாணம் செய்தபோது அவர் பெயரைக்கூடப் பாட்டி உச்சரிக்கவில்லை. பேரன் பிறந்தான் என்று கேள்விப்பட்ட மறுநாள், யாரிடமும் சொல்லாமல் மருந்துப் பொடியும் பழந்துணியும் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினார். முன்கதை இல்லாமல் அந்த பஸ் பயணத்தை எழுதினால் அது வெறும் ஊர்ப்பயணம்.

பாட்டிமார்களைப் பற்றிய குறிப்புகள் எவ்வளவு சுருக்கமாகத் தங்குகின்றன என்பதற்கு வேதத்திலேயே சான்று உண்டு. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளின் பெயர் ஒரே ஒரு வசனத்தில் வருகிறது. மாயமற்ற விசுவாசம் உள்ளவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி வேறெதுவும் நமக்குத் தெரியாது. யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

அதனால் காகிதங்களைத் தேடு. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பாட்டி வெறும் ஆள் கணக்கு. அடையாள அட்டையான ஐசியில் உள்ள பிறந்த தேதி தோட்ட அலுவலகக் கிராணி குத்துமதிப்பாகச் சொன்னது. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், சிவப்பு ஐசி வைத்திருந்த தோட்டக் குடும்பங்கள் பல இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டன. அந்தச் சமயத்தில் பாட்டி எந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தார் என்று உன் பெரிய மாமாவைக் கேள். சரியான தேதியும், தகப்பன் பெயரும், ஊர்ப் பெயரும் இருப்பது சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில்தான். பெண்களுக்கு இப்படிப்பட்ட பேரேடுகள் செய்த உபகாரம் சாதாரணமல்ல. பாளையங்கோட்டையில் 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் வாழ்ந்ததால் ஞானஸ்நானம் முதலில் மறுக்கப்பட்டவர். 1785இல் அந்த ஊரில் முதல் கிறிஸ்தவக் கோயிலைக் கட்டியவரும் அவரே. ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் நம் சபையின் பழைய பேரேடுகளை எடுத்துக் காட்டுவார். கையெழுத்து புரியாவிட்டால் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

பாட்டியின் வேதாகமத்தையும் புரட்டிப் பார். சங்கீதங்களின் ஓரத்தில் பென்சிலால் பெயர்கள் இருக்கும்: எழுதப் படிக்க ஞாயிறு பள்ளியில் கற்றவர், யாருக்காக ஜெபித்தாரோ அவர்கள் பெயரை அங்கே குறித்துவைப்பார். பாதிப் பெயர்கள் கிறிஸ்தவப் பெயர்களாக இருக்காது. அவற்றை ஆராதனையில் வாசிக்க வேண்டாம். உயிரோடிருப்பவர்களின் கஷ்டம் அது. ஆனால் எத்தனை பெயர்கள் என்று எண்ணிச் சொல்லலாம்.

இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் வாசிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதே. நிறையச் சேர்த்துவிட்டு, அழகாக இருப்பதை வெட்டு. பாட்டியை மட்டுமே காட்டுவதை விட்டுவை.

கடைசியாக ஒன்று. சபையாரிடம் மட்டும் கேட்டு எழுதினால் பாட்டி பாதிதான் கிடைப்பார். லயத்துப் பக்கத்து வீட்டு அத்தை இப்போது கம்போங் ராஜாவில் மகன் வீட்டில் இருக்கிறார். மாரியம்மன் திருவிழா இரவுகளில் தீமிதி பார்க்கப் போகாமல், போனவர்களின் பிள்ளைகளையெல்லாம் தன் வீட்டில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்ட பாட்டியை அவருக்குத்தான் தெரியும். போனில் கேட்காதே, காது மந்தம். நேரில் போ. மத்தியானம் தூங்குவார், நாலு மணிக்கு மேல் போனால், தேநீர் போட்டுக் கொடுத்து, பாட்டி அவரோடு போட்ட சண்டையிலிருந்து தொடங்குவார்.

அன்புடன்,
பெரியம்மா