படம் முடிந்த பிறகும் ஒரு பாடம்

(டி.வி.டி.க்களில் வரும் கூடுதல் பகுதிகளைத் தரம் பார்ப்பது எப்படி?)

நம் வீடுகள் பலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே ஓர் அடுக்கு நிறையத் திரைப்பட டி.வி.டி.க்கள் இன்னும் இருக்கின்றன. ஊருக்குப் போய்வரும்போது நாகர்கோவிலிலோ மதுரையிலோ வாங்கிவந்தவை சில. இங்கே சாலைக் கடைத்தெருவில் வாங்கியவை சில. தகட்டைப் போட்டதும் திரையில் ஒரு பட்டியல் வரும். ‘படம்’, ‘பாடல்கள்’, ‘காட்சித் தேர்வு’ என்று மூன்று வரிகள். சிலவற்றில் மட்டும் ‘சிறப்புப் பகுதிகள்’ என்று நான்காவதாக ஒரு வரி இருக்கும். பெரியவர்கள் முதல் வரியை அழுத்துவார்கள். பிள்ளைகள் இரண்டாவதை அழுத்துவார்கள். நான்காவதை அழுத்துவோர் அரிது. அதில் என்ன இருக்கிறது, எது பார்க்கத் தக்கது, எது வெறும் ஒப்பனை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

மூலமும் உரையும்

தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. மூல நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நாம் என்றும் படித்ததில்லை. குறளுக்குப் பரிமேலழகர் உண்டு. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது நச்சினார்க்கினியர் உரையோடுதான் அச்சிட்டார். அவர் பதிப்புகளில் ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், பாடபேதம், அரும்பத அகராதி என்று பலவும் சேர்ந்திருக்கும். அவை இல்லாவிட்டால் அந்த நூல்கள் நம்மில் பலருக்குத் திறவாத கதவாகவே இருந்திருக்கும்.

டி.வி.டி.யின் கூடுதல் பகுதிகளையும் இப்படியே வகுத்துக்கொள்ளலாம். படம் ஓடும்போதே இயக்குநரோ அறிஞரோ பேசிக்கொண்டு வரும் கமெண்டரி என்பது உரை. நீக்கப்பட்ட காட்சிகள் பாடபேதம். படம் எடுத்த கதையைச் சொல்லும் பகுதி முகவுரை. சப்டைட்டில் அரும்பத அகராதி. படத்தைப் புகழ்ந்து பிறர் பேசுவது சிறப்புப்பாயிரம். சிறப்புப்பாயிரம் மட்டும் இருந்து உரை இல்லாத பதிப்பை நாம் நல்ல பதிப்பு என்று சொல்வோமா?

எங்கே தொடங்கியது?

டி.வி.டி.க்கு முன்பே லேசர் டிஸ்க் என்ற பெரிய தகடு மேல்நாடுகளில் இருந்தது. 1984இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 1933ஆம் ஆண்டுப் படமான ‘கிங் காங்’கை அதில் வெளியிட்டபோது, ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட அறிஞரைப் பேசவைத்து, அந்தப் பேச்சைத் தனி ஒலித்தடத்தில் சேர்த்தது. திரைப்படத்துக்கு ‘உரை’ எழுதும் வழக்கம் அங்கே தொடங்கியது எனலாம். டி.வி.டி. 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஒரே படத்துக்கு எட்டு ஒலித்தடங்கள், முப்பத்திரண்டு சப்டைட்டில் தடங்கள் வரை வைக்க அதில் இடம் உண்டு. தமிழில் பார்த்து, மலையாளத்தில் வாசித்து, இயக்குநர் சொல்வதையும் கேட்க வழி இருந்தது. இந்த வழியை நம் மொழிப் படங்கள் மிகக் குறைவாகவே பயன்படுத்திக்கொண்டன.

நம் தகடுகளில் ஏன் இல்லை?

முதற்காரணம் கணக்கு. ஓர் அடுக்குள்ள டி.வி.டி.யில் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். படம் தெளிவாக இருக்கவேண்டுமானால் அதில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம்தான் கொள்ளும். நம் படங்களோ இரண்டரை மணி, மூன்று மணி. படமே தகட்டை நிறைத்துவிட்டால் விருந்தாளிக்கு இடம் எங்கே? இரண்டு அடுக்குள்ள தகட்டில் 8.5 ஜிகாபைட் உண்டு. அதில் கூடுதல் பகுதிகளைத் தாராளமாக வைத்திருக்கலாம். ஆனால் ‘ஒரே தகட்டில் மூன்று படங்கள்’ என்று விற்கும் வழக்கம் வந்தது. ஏழரை மணிநேரப் படத்தை 8.5 ஜிகாபைட்டில் அடக்கினால், ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் இடம் பாதியாகிவிடும். வேகமான சண்டைக் காட்சியில் படம் சிறு சிறு கட்டங்களாக உடைந்து தெரிவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் விலை. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் ஒரு டி.வி.டி.யை 34 ரூபாய்க்குக் கொடுத்தது. திருட்டுத் தகடுகளோடு போட்டியிட அது நல்ல வழிதான். எளிய குடும்பங்களுக்கும் அசல் தகடு கிடைத்தது. ஆனால் அந்த விலையில் இயக்குநரை அழைத்துவந்து பேசவைத்துப் பதிவு செய்யப் பணம் மிஞ்சாது.

மூன்றாவது காரணம் நம் பழக்கம். ‘இவரோடு பணிபுரிந்தது என் பாக்கியம்’ என்று ஒருவர் சொல்ல, ‘இவர் பெரிய உழைப்பாளி’ என்று மற்றவர் சொல்ல, இடையே பாடல் காட்சி ஓடும். இதைத்தான் ‘படம் உருவான கதை’ என்று பல தகடுகளில் தந்தார்கள். கேட்டு முடித்தபின் நமக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்றும் இராது. பலவற்றில் பாடல்களுக்குச் சப்டைட்டிலும் இல்லை. தமிழ் எழுத்து அறியாத நம் பிள்ளைகளுக்குப் பொருள் தேவைப்படுவதே பாடலில்தான்!

தரம் பார்க்க மூன்று கேள்விகள்

முதற்கேள்வி: படத்தைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைச் சொல்கிறதா? சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ முதலிய அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகடிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு லேபரட்டரித் தீ விபத்தில் கருகின. பின்னர் இத்தாலியின் பொலோன்யா நகரில் தொழில்நுட்பக் கலைஞர்கள் அந்தக் கருகிய சுருள்களைக் கையாலேயே ஒட்டிச் சீர்செய்தார்கள். 2015இல் வெளியான கிரைட்டீரியன் பதிப்பில் அந்தச் சீரமைப்பைப் பற்றிய குறும்படமும் உண்டு. அதை அறிந்தபின் அப்பு ரயிலைப் பார்க்க ஓடும் காட்சியை நாம் பழைய கண்ணால் பார்க்க மாட்டோம்.

இரண்டாம் கேள்வி: பட்ட பாட்டையும் செய்த தவறையும் ஒளிக்காமல் சொல்கிறதா? ‘லகான்’ (2001) படம் எடுத்த கதையை ‘சலே சலோ’ என்ற முழுநீள ஆவணப்படமாக சத்யஜித் பட்கல் எடுத்தார், அது டி.வி.டி.யாகவும் வந்தது. கட்ச் வறண்ட நிலத்தில் ஒரு கிராமத்தையே கட்டி, பெருங்கூட்டத்தைப் பல மாதம் வைத்து வேலை வாங்குவதன் தொல்லைகள் அதில் உண்டு.

மூன்றாம் கேள்வி: பேசுகிறவர் அறிந்து பேசுகிறாரா? ஒளிப்பதிவாளர் விளக்கு வைத்த இடத்தைச் சொன்னால் அது அறிவு. நாயகர் ‘ஒளிப்பதிவு அருமை’ என்றால் அது உபசாரம்.

நம் ஊர்க் கதை

இவையெல்லாம் பொழுதுபோக்கு விஷயம்தானே என்று தோன்றலாம். அல்ல என்பதற்கு நம் திருவனந்தபுரமே சாட்சி.

மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ இந்த நகரில்தான் எடுக்கப்பட்டது. கேபிடல் தியேட்டரில் திரையிடப்பட்டது. திரையிட்ட ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரு கருத்துகள் உண்டு. எடுத்தவர் ஜே.சி. டானியல், குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தோடு சொந்தமுடையவர், அங்கேயே 1975இல் காலமானார். கதாநாயகி பி.கே. ரோசி, தலித் பெண். அவர் உயர்சாதிப் பெண்ணாக நடித்ததைப் பொறாத கூட்டம் அவரைத் தாக்கி ஊரைவிட்டே துரத்தியது. பின்னர் அவர் தமிழ்நாட்டில் வாழ்ந்து மறைந்தார். இன்று அந்தப் படத்தின் சுருள் ஒன்றும் இல்லை. எடுத்தவரும் நடித்தவரும் நெடுங்காலம் உயிரோடு இருந்தார்கள். உரிய காலத்தில் உட்கார்ந்து அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு. டானியல் பெயரில் கேரள அரசு விருது ஏற்படுத்தியது 1992இல்தான். மூலமும் போயிற்று, உரையும் பெரும்பாலும் போயிற்று.

இரண்டாவது படமான ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) தப்பியது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய இப்படம் சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நாவலின் உரிமை பெற்றிருந்த இங்குள்ள கமலாலயா புத்தகக் கடை வழக்குத் தொடுத்ததால் படம் முடக்கப்பட்டது. முடங்கிக் கிடந்த சுருளை 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டது. இந்தப் படத்தை இன்று ஒரு பிள்ளைக்குக் காட்டினால் உரை இல்லாமல் விளங்காது. கதை பதினெட்டாம் நூற்றாண்டில் நடக்கிறது. ஆனால் படத்தில் வரும் ஆறாட்டு ஊர்வலம் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து உண்மை ஊர்வலம். அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். நல்ல கூடுதல் பகுதி என்பது அந்த ஒருவர்தான்.

அக்காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர் (1933–2016) நம் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சிறுவயதில் அவரைத் திரையின்பால் இழுத்தவற்றுள் கே. சுப்ரமணியத்தின் ‘அனந்தசயனம்’ (1942) என்ற தமிழ்ப்படமும் ஒன்று. 1991இல் ஓய்வு பெறும்போது சுமார் 12,000 படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,700 மௌனப்படங்களில் அவரால் காப்பாற்ற முடிந்தவை ஒன்பதே. அவரைப் பற்றி ஷிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்த ‘செல்லுலாய்டு மேன்’ (2012) இந்திய சினிமா முழுமைக்கும் எழுதப்பட்ட ஒரு கூடுதல் பகுதி என்றே சொல்லத்தகும். அதையும் டி.வி.டி.யாக வெளியிட்டது லண்டனிலுள்ள செகண்ட் ரன் நிறுவனம்!

நாம் செய்யக்கூடியவை

இப்போது படங்கள் பெரும்பாலும் இணையம் வழியே வீட்டுக்கு வருகின்றன. படம் வருகிறது, தகட்டோடு இருந்த பேட்டியும் கமெண்டரியும் பெரும்பாலும் உடன் வருவதில்லை. எனவே, பழைய தகடுகளை எடைக்குப் போடும் முன் நான்காவது வரியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மறைந்துபோன ஓர் இசையமைப்பாளரின் அல்லது கலை இயக்குநரின் பேட்டி அதில் மட்டுமே இருக்கக்கூடும். அத்தகைய தகடுகளை உறையில் இட்டு, நிமிர்த்தி, வெயிலும் மழைக்கால ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். பால்பாயின்ட் பேனாவால் தகட்டின்மேல் எழுதவேண்டாம்.

டிசம்பரில் நம் நகரில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வளர்ந்த பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே திறந்த மன்றத்தில் இயக்குநர்கள் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்வார்கள். அது தகட்டில் இல்லாத கமெண்டரி.

வீட்டுப் பயிற்சி

1. குடும்பத்தோடு ஒரு பழைய தமிழ்ப்படம் பாருங்கள். விளங்காத சொல், வழக்கம், பொருள் ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒரு தாளில் குறிக்கட்டும்.

2. அதே படத்தை இரண்டாம் முறை ஒலியைக் குறைத்து ஓடவிட்டு, தாத்தாவையோ பாட்டியையோ விளக்கம் சொல்லச் சொல்லுங்கள். முதலில் எந்தக் கொட்டகையில் பார்த்தார்கள், டிக்கெட் என்ன விலை, யாரோடு போனார்கள் என்பதும் வரட்டும்.

3. அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, நாளும் பேசியவர் பெயரும் எழுதி வையுங்கள்.

4. ‘நன்றாக இருந்தது’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் படத்தைப் பற்றிப் பத்து வரிகள் பிள்ளைகளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

நெய்யாற்றின்கரை, நாகர்கோவில், திருவனந்தபுரம் ஆகியவை ஒரே சமஸ்தானமாக இருந்த காலத்தில் இங்கே கொட்டகைகளில் தமிழ்ப்படம் பார்த்த தலைமுறையில் சிலரே இன்று நம்மோடு இருக்கிறார்கள். டானியலிடம் கேட்கத் தவறிய கேள்விகளை இனி யாரும் கேட்க முடியாது. நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவரிடம் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.