வாசல் கேட்டை நானே செய்யலாமா?

கேள்வி: ஜெஞ்சாரோமில் தரை வீடு. 12 அடி வாசலுக்கு இரும்புக் கேட்டை நானே வெல்டிங் செய்து மாட்ட ஆசை. ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் இரட்டைக் கதவாக. 50 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு 3 கிலோ. ஐந்தடி உயரத்தில் 6 அடி அகலக் கதவின் சட்டம் மட்டுமே 20 கிலோ. அதையே 12 அடி ஒற்றைக் கதவாக்கினால் எடை ஒன்றரை மடங்குதான். கீலை இழுக்கும் விசையோ மூன்று மடங்கு!

எனக்குக் கவலை கேட் அல்ல, தூண். உங்கள் குவாலா லங்காட் வட்டாரத்தில் களிமண்ணும் கரிமண்ணும் அதிகம். ஈர மண்ணில் தூண் மெல்லச் சாய, கேட் தரையில் உரசும். ஆழமாகத் தோண்டி, அடியை அகலமாக்கி, கம்பி கட்டி கான்கிரீட் போடுங்கள். ஒரு வாரமாவது காயட்டும்.

முழு வெல்டிங்குக்கு முன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாக இருக்க வேண்டும். குறுக்குச் சட்டம் கீழ்க் கீலிலிருந்து எதிர் மேல்மூலைக்குப் போகட்டும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயானால் வெல்டிங் இடத்தில் பூச்சைத் தேய்த்தெடுத்து, திறந்தவெளியில் வேலை செய்யுங்கள். துத்தநாகப் புகை காய்ச்சல் தரும். அடிக்குழாயில் நீர் வடியத் துளை போட மறக்காதீர்கள். நம் மழைக்கு இரும்பு உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும்.